தோளில் போட்டுக் காட்டுகிறவன்

1

கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. இணைய இதழ் நடத்தும் நண்பர் ஒருவர் கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'உடையும் தன்னம்பிக்கையும்.' நன்றாக உடுத்தினால் மனச்சோர்வு குறையும், அதை ஓர் அனுபவத்தோடு சொல்லுங்கள் என்றார். அவர் பேசும்போது நான் நைந்த கைலியும் பழைய கம்பெனி கொடுத்த டீ-சர்ட்டும் போட்டிருந்தேன். டீ-சர்ட்டின் முதுகில் ஏதோ ஊக்க வாசகம் இருந்தது. துவைத்துத் துவைத்துப் பாதி எழுத்து போய்விட்டது. மீதியை வைத்து அது என்னவென்று கண்டுபிடிக்க முடியாது.

முதல் வரி இப்படி வந்தது: "நாம் அணியும் உடை நம் மனத்தின் கண்ணாடி. காலையில் எழுந்ததும் நமக்குப் பிடித்த நிறத்தில்"

அதோடு நிறுத்திவிட்டேன். காலையில் எழுகிற பழக்கம் எனக்கு இன்னும் திரும்பவில்லை.

சென்னையில் இரவு வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டில் இருக்கிற யாரோ போனில் திட்டுவார்கள், பணிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்களை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டை, டை, ஷூ கட்டாயம். சட்டை கசங்கினால் குரலும் கசங்கும் என்பார் டீம் லீடர். ஒரு நாள் டையைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் பேசிப் பார்த்தேன். திட்டு அதே அளவில்தான் வந்தது. பிறகு வேலையையே விட்டுவிட்டு சொந்த ஊரான, தென்காசிப் பக்கத்து இலஞ்சிக்கு வந்து சேர்ந்தேன். அது வேறு கதை, சுவாரசியமும் இல்லை. சொல்ல வந்தது இதுதான்: துணி மனிதனை மாற்றும் என்று நம்புகிற ஆள் அல்ல நான். அதனால்தான் இசக்கிராஜா எனக்குத் தொந்தரவாக இருக்கிறான். கட்டுரை எழுத முடியாமல் போனது அவனால்தான்.

2

"தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கோபுரத்தின் உச்சியில்"

வேண்டாம். இந்த ஊரைப் பற்றிய கதையெல்லாம் சாரலில்தான் ஆரம்பிக்கிறது. எனக்கே அலுத்துவிட்டது.

2 (மறுபடியும்)

இசக்கிராஜா என்னோடு பள்ளியில் படித்தவன். தென்காசியில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் சேலை விற்கிறான். கீழ்த்தளம் வேட்டி, சட்டை. முதல் மாடி சேலை. அவன் மாடியில்.

சேலைக் கடையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மீசை வைத்த ஆண் பிள்ளை ஒருவன் சேலையை விரித்துக் கொசுவம் பிடித்து, தன் சட்டைக்கு மேலேயே சுற்றி, முந்தியைத் தோளில் போட்டு நிற்பான். எதிரே ஒரு குடும்பமே உட்கார்ந்து அவனை மேலும் கீழும் பார்க்கும். யாரும் சிரிப்பதில்லை. அவன் உடம்பு அங்கே உடம்பாகக் கணக்கில் வராது.*

*எங்கள் அத்தை ஒருமுறை அப்படி நின்றவனைப் பார்த்து, "கொஞ்சம் திரும்பு, பின்னால எப்பிடி விழுதுன்னு பாப்போம்" என்றாள். அவனும் திரும்பினான். அந்தப் பக்கம் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அதில் வெட்கமே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

இசக்கிராஜாவுக்குத் திக்கும். பள்ளியில் வருகைப் பதிவின்போது 'உள்ளேன்' என்பதில் 'உ' வராது. அவன் வாயைத் திறந்துகொண்டு நிற்க, ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வளர்ந்த பிறகும் அண்ணன் பரமசிவனின் பழைய சட்டைகளையே போடுகிறான். அண்ணன் அகலமான ஆள். இவன் தோள் முடிந்த பிறகும் சட்டையின் தோள் இறங்கிக்கொண்டே போகும். தெருவில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவான், பேசமாட்டான்.

சேலையைத் தோளில் போட்டால் பேசுவான்.

(துணி விழுந்ததும் திக்கு பறந்தது என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். குறைகிறது, அவ்வளவுதான். முதுகு நிமிர்கிறது. மூச்சை ஒழுங்காக விடுகிறான். இடையில் ஓர் எழுத்து மாட்டினால், அந்த நேரத்தில் முந்தியை ஒரு தட்டுத் தட்டி விரிக்கிறான். பார்க்கிறவர்கள் ஜரிகையைப் பார்க்கிறார்கள். அதற்குள் எழுத்து வெளியே வந்துவிடுகிறது.)

அவனோடு சேலைப் பிரிவில் நிற்கும் உமாதேவி எங்களூர்க்காரி. அவள் சொன்னது: "சேல போட்டா அது வேற ஆளு. எறக்கி வச்சா பழைய சவந்தான்."

3

அண்ணன் பரமசிவன் தம்பிக்குப் பெண் பார்த்தான். வாசுதேவநல்லூர். பெயர் வேல்விழி, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். போட்டோக்கள் கைமாறின. வேல்விழியின் போட்டோ அக்கா கல்யாணத்தில் எடுத்தது. மேக்கப், ஒட்டுச் சடை, இரவல் பட்டுச்சேலை, நெற்றி நிறைய நகை. அந்த முகத்தை வைத்து அவளைப் பஸ்ஸில் கண்டுபிடிக்க முடியாது. இசக்கிராஜாவின் போட்டோ ஸ்டூடியோவில் எடுத்தது. எடுக்கும்போது அண்ணன் சட்டைதான். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு நீலக் கோட்டை மாட்டிவிட்டார். அந்தக் கோட்டை இவன் வாழ்நாளில் தொட்டதில்லை. சொந்தமில்லாத துணியில் இரண்டு பேரும் பரிமாறிக்கொள்ளப்பட்டார்கள். கட்டுரைக்கு நல்ல வரி. கட்டுரை எழுதியிருந்தால் இங்கே ஓர் ஆராய்ச்சியை மேற்கோள் காட்டியிருப்பேன்.

பெண் வீட்டார் பரமசிவனிடம் சொல்லியனுப்பினார்கள்: வர்ற புதன்கிழமை தென்காசிக்கு ஒரு வேலையாக வருகிறோம், கடையில் பையனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்கிறோம். எங்கள் பக்கத்தில் இது சகஜம். மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்துக்கு வாடிக்கையாளர் மாதிரிப் போய், பேச்சு எப்படி, முதலாளி மதிக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவார்கள்.

செவ்வாய்க்கிழமையே பரமசிவன் கடைக்கு வந்து, தளப் பொறுப்பாளர் மசூது அண்ணாச்சியிடம் முறையிட்டான். உமாதேவி பக்கத்தில்தான் நின்றாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு ஒருநா மட்டும் இவன கீழ சட்டைக்கு மாத்துங்க. பொண்ணு வீட்டாளுவ வருதாவ. இவன் சேலையக் கட்டிக்கிட்டு நின்னாம்னா..."

"நின்னா என்னவாம்? எங்கடையில ஆம்பளயதான் கட்டிக் காட்டுதானுவ."

"ஒங்களுக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியுமா?"

மசூது அண்ணாச்சி தாடியைச் சொறிந்தார். "இவன் கீழ நின்னா வாயத் தொறக்கமாட்டானே. ஊமன்னு நெனச்சுப் போயிருவாவ, பாத்துக்கிடும்."

"ஊமன்னு நெனச்சாலும் பரவால்ல அண்ணாச்சி."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கதை எழுத ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். பரமசிவன் கெட்டவன் இல்லை. தம்பிக்குப் புதுச் சட்டை ஒன்று அவனே எடுத்துக் கொடுத்தான். உடம்பைப் பிடிக்கிற தையல், முழுக்கை. அதைப் போட்டுக்கொண்டு இசக்கிராஜாவால் கையை மேலே தூக்க முடியவில்லை. மேல் தட்டில் இருக்கிற வேட்டியை எடுக்க ஸ்டூல் போட வேண்டியிருந்தது.

4

புதன்கிழமை. இதை நான் பார்க்கவில்லை. உமாதேவி சொன்னதையும் இசக்கிராஜா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் உமாதேவியை நம்பியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், அவன் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களைக் கண்டுபிடிப்பதில் அந்தக் கடைக்காரர்கள் தேர்ந்தவர்கள். துணியைத் தொடமாட்டார்கள், ஆளையே பார்ப்பார்கள். விலை கேட்பார்கள், குறைக்கச் சொல்லமாட்டார்கள். பதினொரு மணிவாக்கில் ஒரு குடும்பம் வந்து வேட்டிப் பிரிவில் உட்கார்ந்தது. நடுவில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். இசக்கிராஜாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடை முழுவதும் செய்தி போய்விட்டது. அண்ணாச்சி அவர்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து, "தங்கமான பையன்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

இசக்கிராஜா வேட்டிகளை எடுத்து வைத்தான். எடுத்து வைத்துக்கொண்டே இருந்தான்.

"இது என்ன கரை, தம்பி?"

"ம... ம..."

"மயில்கழுத்தா?"

தலையாட்டினான். சட்டையின் கக்கம் நனைந்திருந்தது. பெரியவர் வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் கேட்டார்: "தம்பி, அந்தப் பக்கமா கொஞ்சம் தள்ளி நில்லேன். ஏசிக் காத்த மறைக்கியே."

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிற கூட்டம் அது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, கலரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

ஆனால் கடையில் யாருக்கும் அது புரியவில்லை. பெண் வீட்டார் வந்து பார்த்துப் போய்விட்டார்கள், அந்தப் பேச்சு சும்மா ஒரு சோதனை என்று முடிவு கட்டிவிட்டார்கள். "முடிஞ்சுது. இனி ஆண்டவன் விட்ட வழி. மேல போலே" என்றார் அண்ணாச்சி. மாடியில் ஈரத் தலையோடு ஒரு வேன் கூட்டம் பட்டுச்சேலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. உமாதேவி தனியாகத் திணறிக்கொண்டிருந்தாள்.

இசக்கிராஜா மாடிக்கு வந்தான். மூலையில் இரண்டு பெண்கள். ஒருத்தி நடுத்தர வயது. இன்னொருத்தி கண்ணாடி போட்ட, வளர்த்தியான பெண், சாதாரண காட்டன் சுடிதாரில்.

"மடிப்பக் காட்டுனா என்ன தெரியும்? மேல போட்டுக் காட்டுங்க" என்றாள் கண்ணாடிக்காரி.

புதுச் சட்டையில் கை தூக்க வராது. முழுக்கையின் பொத்தானை அவிழ்த்து முழங்கைக்கு மேல் சுருட்டினான். சேலையை உதறினான்.

"அக்கா, இந்த மஞ்ச ஒங்களுக்கு வேண்டாம்."

"ஏன், நான் கருப்பா இருக்கேன்னா?"

"கருப்புக்கு எடுக்காத சேலைய நெய்யவே கூடாதுக்கா. கலரு பிரச்சின இல்ல. இது பெரிய பார்டரு. கல்யாண வீட்டுல சேல மொதல்ல உள்ள போவும், நீங்க பின்னால வருவிய." மஞ்சளை இறக்கி, மெல்லிய கரை வைத்த அரக்குச் சேலையைச் சுற்றி முந்தியைப் போட்டுக்கொண்டான். "ஒரு விசயம் சொல்லுதேன், கோவிக்கப்புடாது. நீங்க தோளக் குறுக்கி நிக்கிய. வளத்தியான பொம்பளப் பிள்ளைய எல்லாரும் அப்பிடித்தான். ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி. இந்தா, என்னப் பாருங்க. இப்பிடி."

அவன் நின்றான். அவளும் நின்றாள். உமாதேவி சொல்கிறாள்: "ரெண்டு பேரும் எதிர எதிர வெறப்பா நிக்காவ, என்.சி.சி. மாதிரி. எனக்குச் சிரிப்பத் தாங்க முடியல."

பிறகு அந்தச் சேலையை அவன் கழற்றிக் கொடுத்தான். அவள் கண்ணாடி முன்னால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்தே நின்று, வெகு நேரம் பார்த்தாள். எடுத்துக்கொண்டாள். உமாதேவியிடம், நல்ல டெய்லர் இருந்தால் சொல்லுங்கள் என்று தன் நம்பரையும் கொடுத்தாள்.

படியிறங்கும்போது நடுத்தர வயதுப் பெண் திரும்பினாள். இசக்கிராஜா அடுத்த கூட்டத்துக்காக ஊதாச் சேலையைச் சுற்றி நின்றான்.

"நீங்க பரமசிவன் தம்பிதான? நான் வேல்விழிக்குச் சித்தி. அண்ணன்ட்ட கேட்டதாச் சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு உமாதேவி அவனிடம் சொன்னது ஒரே வார்த்தைதான். "அக்காவாம்லா."

5

இந்த இடத்தில் நான் எழுதிய வேல்விழியை நானே சந்தேகிக்கத் தொடங்கினேன். முதல் வரைவில் அவளுக்கு ஒரு பக்கம் கொடுத்திருந்தேன். வீட்டுக்குப் போய் அரக்குச் சேலையைக் கட்டி, முதல்முறையாகத் தன் உயரத்தை விரும்புகிறாள், அந்தத் தன்னம்பிக்கையில் வீட்டாரை எதிர்த்து நிற்கிறாள் என்று. இதழ் நண்பருக்குப் பிடித்திருக்கும். அடித்துவிட்டேன். எதிரே ஒருவன் நிமிர்ந்து நின்றான் என்பதற்காக ஒருத்தியின் குடும்பம் மாறிவிடாது. அவள் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அவளைப் பார்த்ததில்லை.

தெரிந்தது அடுத்த நாள் வந்த போன். வேல்விழியின் மாமா பரமசிவனிடம் பேசினார். பையன் நல்லாப் பேசுதான்னு சொன்னாங்க. தெளிவா இருக்கானாம், வியாபாரத் தெறமை இருக்காம். எங்களுக்குச் சம்மதம். ஒண்ணே ஒண்ணு. அந்தச் சேலையப் போட்டுக் காட்டுத வேலை மட்டும் வேண்டாம். நாளப்பின்ன சொந்தக்காரன் எவனாவது பாத்தா நல்லாவா இருக்கும்? கீழ சட்டைக்கு மாறிக்கிடச் சொல்லுங்க. மாறினதும் நிச்சயம் வச்சுக்கிடலாம்.

திரும்பப் படியுங்கள். பேச்சு பிடித்திருக்கிறது. பேச வைத்த இடம் பிடிக்கவில்லை.

6

"அருவிக்குக் கீழே எல்லோரும் ஒன்றுதான். அங்கே சட்டையும் இல்லை, சேலையும் இல்லை, வெறும்"

நீக்கப்பட்டது. இதை எழுதியபோது தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். ஐந்தருவியில் எல்லோரும் ஒன்று அல்ல. நல்ல டிரவுசர் போட்டவனுக்கும் கிழிந்த ஜட்டியை மறைக்கத் துண்டு கட்டியவனுக்கும் நடையே வேறு.

7

ஐந்தருவிக்குப் போனது உண்மை. அவன் விடுமுறை நாளில் என்னைக் கூப்பிட்டான். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு, மிளகாய் பஜ்ஜி கடைக்கு எதிரே ஈரச் சுவரில் உட்கார்ந்தோம். அவன் உடம்பில் அண்ணன் சட்டை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரம் எடுத்தான். அதை இங்கே சுருக்கித் தருகிறேன். அவன் திக்கை இன்னொரு முறை எழுத்தில் வரைந்து காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

"மாறுனா கல்யாணம். மாறலன்னா இல்ல. அண்ணன் சொல்லிட்டான்."

"ஒனக்கு அவளப் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு."

"அப்ப மாறு. வேட்டி வித்தா செத்தா போயிருவ?"

"லே, நீ ராத்திரி வேலைய விட்டியே. அதுல இருந்திருந்தா செத்தா போயிருப்ப? எதுக்கு விட்ட?"

பஜ்ஜியைத் தின்றேன்.

"கீழ நின்ன அன்னைக்கு," என்றான், "பள்ளியோடத்துல நின்ன மாதிரி இருந்துச்சு. அது ஒருநா. இனி சாவுத வரைக்கும்னா..." துண்டைப் பிழிந்துகொண்டே: "வீட்டுக்குப் போனா அவளும் அந்த ஆளத்தான பாப்பா? சேலைல பாத்தவன நம்பி வாரா. வந்து பாத்தா வேட்டில நிக்கவன் இருப்பான்."

"அப்ப அவகிட்டயே கேளு. மாமா சொல்லுதாரா, அவ சொல்லுதாளான்னு."

"போன்லயா?"

"போன்லதான்."

"நீ போன்ல பேசியே பொழச்சவன்லா. பக்கத்துல நில்லு."

8

முடிவுகள். என்னிடம் இருந்தவை:

அவன் கீழே மாறுகிறான், கல்யாணம் நடக்கிறது, கொஞ்சங்கொஞ்சமாக வேட்டியும் பேச வைக்கிறது. (கட்டுரைக்கு உகந்தது. தன்னம்பிக்கை உள்ளே இருந்து வரவேண்டும் என்று கடைசிப் பத்தியில் எழுதலாம். அதை எழுதுகிறவன் இவனைப் போலத் திக்கி இருக்கமாட்டான்.)

அவன் மாட்டேன் என்கிறான், கல்யாணம் நிற்கிறது, தோளில் சேலையோடு கம்பீரமாக (கம்பீரமாக! அந்தச் சவச் சொல்லை அடி) நிற்கிறான். முப்பது தாண்டியவனுக்கு நின்றுபோன கல்யாணம் என்றால் இந்தப் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் கைதட்டமாட்டார்கள்.

இரண்டையும் தூக்கிப் போட்டேன்.

9

மதியச் சாப்பாட்டு நேரம். கடையின் சரக்கு அறை. அட்டைப்பெட்டிகள், பிளாஸ்டிக் வாடை. இசக்கிராஜா, நான், கதவைப் பார்த்துக்கொள்ள உமாதேவி. நம்பரும் அவளிடமிருந்துதான். என் தொழில் அறிவிலிருந்து ஒன்று சொன்னேன்: எடுத்ததும் கேள்வி கேட்காதே, முதலில் பெயரைச் சொல். 'இ' அவனுக்கு மாட்டும் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"எந்தச் சேலடா வேணும்?" என்றாள் உமாதேவி. கிண்டலாகத்தான் கேட்டாள் என்று நினைத்தேன். அவள் ஏற்கெனவே ஒரு பச்சைச் சேலையின் மடிப்பைக் கலைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாங்கிச் சுற்றி, முந்தியைத் தோளில் போட்டான். நம்பரை அழுத்தினான்.

"சொல்லுங்க" என்று சன்னமாகக் கேட்டது.

"கடையில இருந்து பேசுதேன். அன்னைக்கு அக்கான்னு கூப்பிட்டவன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. நிச்சயமாகச் சிரிப்புதான்.

"அந்த அரக்கு கட்டிப் பாத்தியளா?"

"இன்னும் பிளவுஸ் தைக்கல." அதற்குப் பிறகு அவன் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும்." முந்தியைத் தட்டி விரித்தான், பார்க்க வாடிக்கையாளர் யாருமில்லாத இடத்தில். "நான் மேல நிக்கக்கூடாதுன்னு மாமா சொன்னாரு. அது அவரு சொல்லா, ஒங்க சொல்லா? எதுன்னாலும் சொல்லுங்க. கோவப்படமாட்டேன்."

அவள் பேசினாள். நீளமாகப் பேசினாள். அவன் இரண்டு முறை 'ம்' போட்டான்.

அவள் என்ன சொன்னாள் என்று பிறகு அவன் எனக்குச் சொன்னான். அதனால் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. மாமா சொல் என்று எழுதினால் அவளுக்குக் கைதட்டுவீர்கள். அவள் சொல் என்று எழுதினால் அவளைத் திட்டுவீர்கள். அவன் மாடியிலேயே நின்றால் எல்லாத் திருவிழாவிலும், எல்லாக் கல்யாண வீட்டிலும், 'ஒம் மாப்ள சேலை கட்டுதவன்லா' என்ற பேச்சைக் கேட்கப் போகிறவள் அவள். அந்தப் பேச்சை ஒரு நாள்கூடக் கேட்டிராத நானும் நீங்களும் அவளுக்கு மதிப்பெண் போட வேண்டாம்.

கட்டுரை வேறு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நிறங்களைப் பற்றி. நன்றாகவே இருந்தது.

முடிவு வேண்டும் என்கிறவர்கள் தென்காசிக்கு வாருங்கள். கடைப் பெயர் சொல்லமாட்டேன். பெரிய ஜவுளிக் கடைகள் நிறைய இல்லை, எல்லாவற்றிலும் ஏறி இறங்குங்கள். தோள் இறங்கிய சட்டை போட்ட ஒருவன் மாடியில் நிற்கிறானா, கீழே நிற்கிறானா என்று பாருங்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் மட்டும் வரவேண்டாம். அப்போது கூட்டத்துக்கு ஏற்றபடி ஆட்களை மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தப்பான முடிவோடு ஊருக்குத் திரும்புவீர்கள்.